மேக்னம் ரிவால்வரும் மிதமான தோட்டாவும்: புதிதாகப் பழகுபவர்களுக்கு

வழக்கத்தைவிட வலுவான தோட்டாவைச் சுடும் மேக்னம் ரிவால்வர் வாங்கிய கையோடு ஒரு பெட்டி மேக்னம் தோட்டாவையும் வாங்கிக்கொண்டு சுடுதளத்துக்குப் போகிறவர்கள் அதிகம். முதல் ஆறு தோட்டாவில் ஒன்றிரண்டு இலக்கில் படும். அடுத்த ஆறில் எல்லாமே இலக்குக்குக் கீழே விழத் தொடங்கும். அதற்கடுத்த ஆறில் டிரிகரை இழுக்கும்போதே கண் மூடிக்கொள்ளும். துப்பாக்கியில் ஒரு கோளாறும் இருக்காது. வெடியையும், துப்பாக்கி பின்னோக்கித் தள்ளும் உதையையும் உடம்பு எதிர்பார்த்து, குண்டு வெளியேறும் முன்பே கையைக் கீழே அழுத்துகிறது. இந்தப் பழக்கம் சில பெட்டிகளில் ஒட்டிக்கொள்ளும், போக்குவதற்கோ மாதக்கணக்காகும். அதனால் மேக்னம் பழக நினைப்பவர் மேக்னம் தோட்டாவை முதலில் தொடாமல் இருப்பதே நல்லது.

இந்தக் கட்டுரை .357 மேக்னத்தை மனதில் வைத்து எழுதியது. .44 மேக்னம் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். உரிமம், தோட்டா வாங்கும் வரம்பு, எங்கே சுடலாம் என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். அதை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தோட்டா?

.357 மேக்னம் 1935இல் வந்தது. அதற்கு முன்பிருந்த .38 ஸ்பெஷல் 1898ஐச் சேர்ந்தது. பெயரில் எண் வேறாக இருந்தாலும் இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றுதான். மேக்னத்தின் உறையை, அதாவது மருந்தையும் குண்டையும் தாங்கும் உலோகக் கூட்டை, மட்டும் சுமார் 3.4 மில்லிமீட்டர் நீளமாக்கினார்கள். பழைய .38 ரிவால்வருக்குள் மேக்னம் தோட்டா தவறிப்போய்க்கூட நுழையக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதன் பலன்தான் இன்று நமக்குக் கிடைக்கிறது: மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டா தாராளமாகப் போடலாம், சுடலாம். .44 மேக்னம் 1955இல் வந்தபோதும் இதே வழிதான். அதில் .44 ஸ்பெஷல் சுடலாம்.

எதிர்த் திசையில் மட்டும் ஒருநாளும் முயலாதீர்கள். .38 ஸ்பெஷலுக்கு அமெரிக்கத் தொழில்தர வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு அழுத்தம்; .357 மேக்னத்துக்கு 35,000. இரண்டு மடங்குக்கும் மேல். சில பழைய .38 ரிவால்வர்களில், சிலிண்டரில் தோட்டா உட்காரும் அறையை முனைவரை ஒரே அளவில் குடைந்திருப்பார்கள். அவற்றில் மேக்னம் தோட்டா உள்ளே போய்விடும். உள்ளே போகிறது என்பதால் சுடலாம் என்று ஆகாது. குழலின் பக்கவாட்டில் என்ன பொறித்திருக்கிறதோ அதுதான் சட்டம்.

தோட்டாப் பெட்டியில் மூன்று விஷயம் பாருங்கள். முதலில் பெயர்: .38 ஸ்பெஷலா, .357 மேக்னமா. அடுத்து 'பிளஸ் பி' என்ற குறிப்பு இருக்கிறதா. இருந்தால் அது 20,000 பவுண்டு வரை போகும் கொஞ்சம் முறுக்கேறிய .38. மேக்னம் ரிவால்வருக்கு அது ஒன்றும் செய்யாது, ஆனால் ஆரம்பப் பயிற்சிக்குத் தேவையும் இல்லை. மூன்றாவது குண்டின் எடை. அதை கிரெய்ன் என்ற அளவில் போட்டிருப்பார்கள். 158 கிரெய்ன் என்றால் சுமார் 10.2 கிராம்.

வித்தியாசம் எவ்வளவு என்று தெரிய ஒரு கணக்கு. 158 கிரெய்ன் ஈயக் குண்டு .38 ஸ்பெஷலில் வினாடிக்கு ஏறக்குறைய 230 மீட்டர் வேகத்தில் போகும். அதே எடை மேக்னத்தில் 375 மீட்டரைத் தொடும். ஆற்றல் 270 ஜூலில் இருந்து 720 ஜூலுக்கு மேல் ஏறுகிறது. கைக்கு வரும் உதையும் அதற்கேற்பக் கூடும். ரிவால்வர் ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள எஃகு என்றால் .38 ஸ்பெஷல் சுடுவது சுகமான அனுபவம். சட்டைப் பைக்காகச் செய்த, அரைக் கிலோவுக்கும் குறைவான உலோகக்கலவை ரிவால்வர் என்றால் .38 கூடச் சுள்ளென்று இருக்கும். அப்படிப்பட்டதை வாங்கி அதிலேயே பழக ஆரம்பிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது.

பயிற்சிக்கு என் முதல் தேர்வு 148 கிரெய்ன் வாட்கட்டர். முனையே இல்லாத, தட்டையான ஈயக் குண்டு அது. குண்டு முழுவதும் உறைக்குள் புதைந்திருப்பதால் முதலில் பார்ப்பவர்கள் வெற்று உறை என்றே நினைப்பார்கள். மெதுவாகப் போகும், உதை குறைவு. காகித இலக்கில் சாதாரணக் குண்டு கிழித்துக்கொண்டு போகும் இடத்தில் இது பஞ்சிங் மெஷினில் குத்தியது போல வட்டமாக ஓட்டை போடும், தூரத்திலிருந்தே எண்ணலாம். ஒரே குறை, கூர்முனை இல்லாததால் சிலிண்டருக்குள் வழிகாட்டிப் போகாது. எல்லா அறைக்கும் ஒரேயடியாகத் தோட்டா போட உதவும் ஸ்பீட்லோடரில் வைத்து அவசரமாக நுழைக்கப் பார்த்தால் விளிம்பில் முட்டி நிற்கும். ஒவ்வொன்றாகப் போட்டால் பிரச்சினை இல்லை. வாட்கட்டர் கிடைக்காவிட்டால் 158 கிரெய்ன் உருண்டைமுனைக் குண்டு எங்கும் கிடைக்கும், அதுவும் நல்லதே.

கையால் நிரப்பிய தோட்டா பற்றி

மிதமான பயிற்சித் தோட்டா என்றதும் பலருக்கு வீட்டிலேயே வெடிமருந்து நிரப்பும் ஆசை வரும். செலவு குறையும், விருப்பப்படி வேகத்தை அமைக்கலாம் என்பது உண்மை. ஆனால் துப்பாக்கிக்கே புதியவர் அதைத் தொடங்க வேண்டாம் என்பேன். .38 ஸ்பெஷல் முதலில் பழைய வகைக் கருமருந்துக்காக வந்த உறை. இன்றைய புகையற்ற மருந்து அதில் சிறு பகுதியைத்தான் நிரப்பும். மேக்னம் உறையில் காலி இடம் இன்னும் அதிகம். அதனால் இரண்டு முறை மருந்து விழுந்தாலும் வழியாது, கண்ணுக்கும் தெரியாது. ரிவால்வர் வெடித்துச் சிதறும் கதைகளில் பெரும்பங்கு இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஆர்வம் இருந்தால் ஓராண்டு சுட்டுப் பழகிய பிறகு, அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் உட்கார, அச்சிட்ட கையேட்டை வரிக்கு வரி பின்பற்றிக் கற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அடுத்தவர் நிரப்பிய தோட்டாவை அன்பாக நீட்டினாலும் வாங்காதீர்கள். "நானே செஞ்சது, சும்மா ஒண்ணு சுட்டுப் பாருங்க" என்பார்கள். சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். சுடுதளத்தில் இதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தோட்டா இல்லாமல் பழகுவது

முதல் வாரம் முழுக்கத் தோட்டாவே வேண்டாம். வெறும் ரிவால்வரில் டிரிகரை இழுத்துப் பழகுங்கள். சிலிண்டரைத் திறந்து எல்லா அறையும் காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். தோட்டாப் பெட்டி அதே அறையில் இருக்கக் கூடாது. இந்த ஒரு விதியில் தளர்ந்தவர்கள் வீட்டில்தான் சுவரும் தொலைக்காட்சியும் ஓட்டையாகியிருக்கின்றன. துப்பாக்கி நீளும் திசையில் குண்டைத் தாங்கக்கூடிய தடுப்பு இருக்கட்டும்.

அறைகளில் ஸ்நாப் கேப் எனும் போலித் தோட்டாக்களைப் போட்டுக்கொள்வது நல்லது. இப்போதைய ரிவால்வர்களில் பெரும்பாலானவற்றுக்கு அவை கட்டாயமில்லை. ஹேமரிலேயே, அதாவது தோட்டாவின் பின்புறத்தை அடிக்கும் சுத்தியலிலேயே, ஊசி பொருத்திய பழைய ரிவால்வருக்கு அவசியம்.

இரட்டைச் செயல் முறையில், அதாவது ஹேமரைக் கையால் பின்னிழுக்காமல் டிரிகரால் மட்டுமே இயக்கும்போது, இழுவிசை நாலரை முதல் ஐந்தரை கிலோ வரை இருக்கும். ஹேமரைப் பின்னிழுத்து வைத்தால் ஒன்றரை கிலோவே போதும். புதியவர்கள் எல்லோரும் இரண்டாவதையே விரும்புவார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன்: கனமான இழுப்பிலேயே தொடங்குங்கள். முழு இழுப்பையும் ஒரே சீராக, நடுவில் நிறுத்தாமல், கடைசியில் வெடுக்கென்று சொடுக்காமல் செய்யப் பழகிவிட்டால், லேசான டிரிகர் தானாகவே வசப்படும். லேசானதில் தொடங்கியவருக்குக் கனமான இழுப்பு கடைசிவரை எதிரிதான்.

குழல் முனையில் குறிபார்க்க இருக்கும் மேடான முன்குறியின் மேல் ஒரு சிறு நாணயத்தை வைத்து, அது விழாமல் டிரிகரை இழுக்க முடிகிறதா என்று பாருங்கள். முன்குறி அகலம் போதாவிட்டால் இதை விட்டுவிட்டு, ஹேமர் விழும் அந்த நொடியில் முன்குறி எந்தப் பக்கம் துள்ளுகிறது என்பதைக் கவனியுங்கள். வலது கைக்காரர்களுக்குப் பெரும்பாலும் இடதுபுறம் கீழ்நோக்கிச் சாயும். மற்ற விரல்களையும் சேர்த்து இறுக்கினால் சாயல் கூடும்.

பிடி

கைப்பிடியின் பின்புறத்தில் எவ்வளவு மேலே பிடிக்க முடியுமோ அவ்வளவு மேலே பிடியுங்கள். குழல் கைக்கு மேலே எவ்வளவு உயரமாக இருக்கிறதோ அவ்வளவு அதிகமாக முனை எகிறும். இடது கை வலது கை விரல்களைச் சுற்றி இறுகட்டும். அழுத்தம் பெரும்பாலும் இடது கையில் இருந்தால் வலது கையின் சுட்டுவிரல் சுதந்திரமாக வேலை செய்யும்.

சுழலும் சிலிண்டர் இல்லாத பிஸ்டல் பழகிவிட்டு வருபவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். பிஸ்டலில் இரண்டு கட்டைவிரலையும் முன்னோக்கி நீட்டிப் பிடிப்பார்கள். ரிவால்வரில் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே 0.1 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை இடைவெளி உண்டு. ஒவ்வொரு தடவையும் கொதிக்கும் வாயுவும் ஈயத் துகளும் அதன் வழியே பக்கவாட்டில் பீறிடும். .38இல் விரல் சுடும், மேக்னத்தில் சதையைக் கிழிக்கும். கட்டைவிரல்கள் சிலிண்டருக்குப் பின்னால் மடங்கி இருக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவரும் சிலிண்டருக்கு நேராக நிற்காமல் பின்தள்ளி நிற்கட்டும்.

சுடுதளத்தில்

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, காதுக்கு இரட்டைப் பாதுகாப்பு: உள்ளே காதடைப்பான், மேலே காதுக் கவசம். கைத்துப்பாக்கி வெடியின் உச்ச ஒலி 150 டெசிபலைத் தாண்டும். 140 தாண்டினாலே ஒரே வெடியில் காது கெடலாம். நீங்கள் .38 சுடலாம், பக்கத்து மேடையில் இருப்பவர் என்ன சுடுவார் என்பது தெரியாதே. சத்தம் குறைந்தால் பதறலும் பாதி குறையும் என்பது இதன் இன்னொரு லாபம். பலர் உதைக்குப் பயப்படுவதாக நினைப்பது உண்மையில் சத்தத்துக்கான பயம்தான்.

இலக்கை 5 மீட்டரில் வையுங்கள். பக்கத்தில் இருக்கிறதே என்று வெட்கப்பட வேண்டாம். முதல் இலக்காக அச்சிட்ட வட்டத்தைவிட வெறும் வெள்ளைத் தாளைப் பரிந்துரைப்பேன். மையம் இருந்தால் கண் அதையே தேடும். வெறுந்தாளில் கண் முன்குறியிலேயே நிற்கும். முன்குறி தெளிவாகவும் தாள் மங்கலாகவும் தெரிய வேண்டும். ஐந்து ஆறு தோட்டா எங்கே விழுந்தன என்பதைவிட எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்பதைப் பாருங்கள். உள்ளங்கை அளவுக்குள் அடங்கியபின் 7 மீட்டர், அப்புறம் 10 மீட்டர்.

ஓட்டைகள் குறிவைத்த இடத்தைவிட மேலேயோ கீழேயோ கூட்டமாக விழுந்தால் பதறாதீர்கள். குண்டு குழலுக்குள் இருக்கும்போதே முனை மேலெழும்பத் தொடங்கிவிடுகிறது. மெதுவான குண்டு குழலுக்குள் அதிக நேரம் இருக்கும், அதனால் கிட்டத்தில் அது வேகமான குண்டைவிட மேலே படும். எடை கூடின குண்டும் அப்படியே. எந்தத் தோட்டாவுக்கு எங்கே படுகிறது என்று குறித்து வையுங்கள். சரிசெய்யும் பின்குறி இருந்தால் நாலைந்து பெட்டி சுட்ட பிறகு திருகலாம். முதல் நாளே திருகத் தொடங்கினால் உங்கள் கைப்பிழையைத் திருகாணியில் ஏற்றிவிடுவீர்கள்.

இனி, ரிவால்வருக்கென்றே வாய்த்த ஒரு பயிற்சி. ஆறு அறையில் நான்கில் தோட்டாவும் இரண்டில் ஸ்நாப் கேப்பும் போட்டு, கூட வந்தவரைச் சிலிண்டரைச் சுழற்றி மூடித் தரச் சொல்லுங்கள். எது எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. ஹேமர் வெறுமனே விழும்போது முன்குறி அசையாமல் நின்றால் நீங்கள் பதறவில்லை. முனை கீழே குத்தினால் மருந்து வெடிக்காமலேயே உங்கள் கை உதைக்குப் பதில் சொல்லியிருக்கிறது. முதல் தடவை கிட்டத்தட்ட எல்லோருக்கும் குத்தும். ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள். மிதமான தோட்டாவின் அருமை இங்கேதான் தெரியும்: எட்டு பத்துச் சுற்றில் முனை அடங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

சத்தம் மாறினால்

வழக்கமான வெடிக்குப் பதில் 'புஸ்' என்று சின்னதாக ஒன்று கேட்டால், அல்லது உதையே வராவிட்டால், உடனே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளக்கும். மெதுவான ஈயக் குண்டில் இதற்கான வாய்ப்பு சற்று அதிகம் என்பதால் மிதமான தோட்டா சுடுபவருக்கு இந்தக் காது கட்டாயம் வேண்டும். சில சமயம் குண்டு பாதி சிலிண்டரிலும் பாதி குழலிலுமாக நின்று சிலிண்டர் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். பலவந்தம் பண்ணாமல், முனையை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு தளப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். சிக்கிய குண்டை எடுப்பது துப்பாக்கி பழுதுபார்ப்பவர் வேலை.

எதுவுமே வெடிக்காவிட்டால் முனையை இலக்கை நோக்கியே வைத்து அரை நிமிடமாவது காத்திருங்கள். தாமதமாக வெடிக்கலாம். ரிவால்வரில் இதற்கு ஒரு தனி ஆபத்து உண்டு. டிரிகரை மறுபடி இழுத்தால் சிலிண்டர் சுழன்று அந்தத் தோட்டா குழலுக்கு நேராக இல்லாத இடத்துக்குப் போய்விடும். அங்கே வெடித்தால் குண்டுக்குப் போக வழியில்லை. ஆகவே மறு இழுப்பு வேண்டாம்.

உறைகளை வெளியேற்றும்போது முனையை வானம் பார்க்கத் தூக்கி, எஜெக்டர் தண்டை உள்ளங்கையால் ஒரே அடியாக, முழு நீளத்துக்கும் அடியுங்கள். முனையைக் கீழே வைத்து மெதுவாகத் தள்ளினால் எரியாத மருந்துத் துகள்கள் நட்சத்திர வடிவ எஜெக்டருக்கு அடியில் போய் உட்காரும். அப்புறம் சிலிண்டர் மூடாது, டிரிகர் கல்லாகிவிடும். "ரிவால்வர் கெட்டுப்போச்சு" என்று கொண்டுவரப்படுபவற்றில் பல, பழைய பல் துலக்கும் பிரஷால் அந்த அடியைத் தட்டிவிட்டதும் சரியாகிவிடும்.

கரி வளையம்

.38 உறை குட்டையானது என்பதால் சிலிண்டர் அறையில் அது முடியும் இடத்துக்கு முன்னால், அந்த மூன்று மில்லிமீட்டரில், கரியும் ஈயமும் வளையமாகப் படியும். நூறு தோட்டாவுக்குப் பிறகு வெளிச்சத்தில் பார்த்தால் கறுப்புக் கோடாகத் தெரியும். அப்படியே விட்டு மேக்னம் போட்டால் தோட்டா முழுதும் உள்ளே போகாது, அல்லது போய் மாட்டிக்கொண்டு சுட்டபின் வெளியே வராது. உறையின் வாய் விரிந்து குண்டை விட இடமில்லாமல் போனால் அழுத்தமும் கூடும்.

கரைப்பான் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, குழலுக்குப் போடும் பிரஷைவிட ஒரு அளவு பெரிய வெண்கல பிரஷைச் சுழற்றித் தேயுங்கள். இது அறைகளுக்கு மட்டும். எஃகு பிரஷ் வேண்டவே வேண்டாம். சுத்தமானதா என்று தெரிய, மேக்னம் அளவு ஸ்நாப் கேப் ஒன்றை அறையில் விடுங்கள். தன் எடையிலேயே 'டக்' என்று இறங்கினால் சரி. பாதியில் நின்றால் மறுபடி ஊறட்டும்.

கை, துணி, ஈயம்

ஈயக் குண்டிலிருந்தும் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரிலிருந்தும் வரும் தூள் கையிலும் துணியிலும் ஒட்டும். சுடுதளத்தில் சாப்பிடாதீர்கள், புகைக்காதீர்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கையும் முகமும் கழுவுங்கள். அந்தத் துணிகளைத் தனியாகத் துவையுங்கள், முக்கியமாக வீட்டில் குழந்தைகள் இருந்தால். உள்ளரங்கத் தளமென்றால் காற்று உங்கள் முதுகிலிருந்து இலக்கை நோக்கிப் போகிறதா என்று கவனியுங்கள். புகை முகத்துக்குத் திரும்புகிறது என்றால் வேறு தளம் பார்ப்பது மேல்.

மேக்னத்துக்கு எப்போது?

ஸ்நாப் கேப் பயிற்சியில் முனை அசையாமல், 10 மீட்டரில் உள்ளங்கைக் கூட்டம் தொடர்ந்து விழுந்தால் தாராளமாகப் போகலாம். முதலில் ஆறே ஆறு. அதையும் நாளின் தொடக்கத்திலேயே சுட்டுவிடுங்கள். அறைகள் சுத்தமாக இருக்கும்போது மேக்னம், அப்புறம் .38 என்ற வரிசையில் கரி வளையத் தொல்லை வராது. கை களைத்த பிறகு பெரிய உதை வாங்குவதும் இல்லை. மேக்னத்தால் லேசாக ஏறிய பதறல் அடுத்து வரும் ஐம்பது மிதமான தோட்டாவில் இறங்கிவிடும். நேர் எதிராக, நாள் முழுக்க .38 சுட்டுவிட்டு "கடைசியா ஒரு சிலிண்டர் மேக்னம்" என்று முடிப்பதுதான் எங்கும் நடக்கிறது. அந்தக் கடைசி ஆறு வெடியைத்தான் கை வீட்டுக்குக் கொண்டுபோகும்.

எடை குறைந்த ரிவால்வரில் மேக்னம் சுடுபவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். உதையின் வேகத்தில், இன்னும் சுடாத தோட்டாக்களின் குண்டுகள் உறையிலிருந்து மெல்ல முன்னே நழுவலாம். நழுவிய குண்டு சிலிண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டு சுழற்சியையே நிறுத்திவிடும். ஐந்து சுட்டதும் ஆறாவதை வெளியே எடுத்து, சுடாத புதுத் தோட்டா ஒன்றோடு நீளத்தை ஒப்பிடுங்கள். நீண்டிருந்தால் அந்தத் தோட்டா உங்கள் ரிவால்வருக்கு ஒத்துவராது.

மீந்த தோட்டாக்களை வந்த பெட்டியிலேயே திரும்பப் போடுங்கள். .38ஐயும் .357ஐயும் ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள், மேசையில் ஒரு நேரத்தில் ஒரு வகை மட்டும் இருக்கட்டும். பெட்டியின் உள்மடலில் இருக்கும் தொகுதி எண்ணையும், அன்று 10 மீட்டரில் எங்கே பட்டது என்பதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். உங்கள் ரிவால்வருக்கு ஒரு தோட்டா பிடித்துப்போனால், கடையில் அதே தொகுதியில் இன்னும் சில பெட்டி இருக்கிறதா என்று கேட்க அந்த எண் உதவும்.